அடக்கத்துக்கு வைத்த காசு

கோயிலில் போதகர் ஓலை வாசிக்கும்போது என் மருமகள் முந்தானைக்குள் விரல் மடக்குவாள். ஜெபம் பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார்கள். தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம். அதைத்தான் ஓலை என்போம். பெண் யார் மகள், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, இவள் கண்ணை மூடி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "அத்தை, இன்னைக்கு மட்டும் ஒரு கை நெறைய பொண்ணுங்க. இதுல பாதிப் பேருக்கு நான் மேக்கப் போட்டாலே போதும்."

கல்யாணமாகி பம்பாய் தாராவிக்கு வந்த புதிதில் அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். என் மகன் பெல்ட் வெட்டும் பட்டறையில் இருந்தான். முதலாளி பட்டறையைக் காலி பண்ணிக்கொண்டு வேறு இடம் போனதும் அவனுக்கு ஒரு நாள் வேலை இருந்தால் மறு நாள் இல்லை. அப்போதுதான் மாட்டுங்காவில் ஒரு பார்லரில் பியூட்டிசியன் கோர்ஸ் நடக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தாள். புருவம் எடுப்பதிலிருந்து கல்யாண அலங்காரம் வரைக்கும் சொல்லித் தருவார்களாம். போட்ட பணம் ஒரே கல்யாண சீசனில் திரும்பிவிடும் என்று அந்த மேடம் சொன்னாராம். பீஸே எங்கள் வீட்டுக்கு எட்டாத தொகை. பீஸோடு முடிகிறதா? சாமான் பெட்டி தனியாக வாங்க வேண்டும். படிக்கிற மாதங்களில் பொத்தான் வருமானமும் நின்றுபோகும். "அந்த மேடம் அவ சம்பாத்தியத்தச் சொல்லுதா. ஒன் சம்பாத்தியத்த யாருட்டி சொல்லுவா?" என்று கேட்டேன். "ஓலை சொல்லுதுல்லா அத்தை" என்றாள்.

அவ்வளவு பணம் எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. என் அடக்கத்துக்கு என்று நான் பாங்கில் போட்டு வைத்திருந்த பணம். மாஹிம் பக்கம் கட்டடம் கட்டடமாக ஏறிக் கருவாடு விற்ற காசு அது. வாடை என்று லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். எங்கள் சந்தில் ஒருவர் இறந்தபோது பெட்டி வாங்கக் காசில்லாமல் சந்து முனையில் துண்டு விரித்தார்கள். நானும் போட்டேன். போட்ட கை கூசியது. எனக்கு அந்தத் துண்டு விரியக் கூடாது. பெட்டி, வண்டி, குழி வெட்டுகிறவர் கூலி, வந்தவர்களுக்குக் காப்பி, எல்லாம் என் காசில் நடக்க வேண்டும். பெற்ற மகனிடமே கை நீட்டி வாங்காதவள், செத்த பிறகு ஊராரிடம் ஏன் வாங்க வேண்டும்?

அவள் அந்தப் பணத்தைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்காததால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் சட்டை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருவத்தைத் திருத்தப் பார்த்தாள். ஒரு பக்கம் பாதி காணாமல் போயிற்று. அந்தப் பெண் அழ அழ, மையால் வரைந்து சரிபண்ணி அனுப்பினாள். வரைந்தது, இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அந்த வாரமே பாங்கிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். "இது எனக்குச் சாவுத் துட்டு. தானம்னு நெனச்சிராத. திருப்பிக் குடுத்தா மொத்தமாக் குடு. சில்லறையா நீட்டுன, தொட மாட்டேன்" என்றேன். சரி என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

படித்த மாதங்களில் என் முகம்தான் அவளுக்குச் சிலேட்டு. வில் மாதிரிப் புருவத்தோடு கோயிலுக்குப் போனால் எதிர் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "என்ன மதினி, ஓலை குடுத்தாச்சா? மாப்பிள்ளை எந்த ஊரு?" என்றாள். "ஒன் மாப்பிள்ளையத்தான் கேட்டிருக்கேன். வீட்டுல இன்னும் சொல்லலியோ?" என்றேன்.

கோர்ஸ் முடிந்து சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டினாள். பள்ளிக்கூடங்களுக்கு லீவு வந்தது. கோயிலில் ஓலை மேல் ஓலை வாசித்தார்கள். பெண்கள் வந்தார்கள், புருவம் எடுத்தார்கள், பேஷியல் செய்தார்கள். கல்யாணத்துக்கு யார் மேக்கப் என்று இவள் கேட்டால், "கல்யாணம் ஊர்லல்லா அக்கா, அங்கயே ஆள் சொல்லியாச்சு" என்று பதில் வந்தது. ஓலை இங்கே, தாலி அங்கே. எங்கள் சனத்துக்கு அதுதான் வழக்கம். மே மாதம் வந்தால் சந்தே ரயிலேறித் திருநெல்வேலிப் பக்கம் போய்விடும். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. விரல் மடக்கிக் கணக்குப் போட்டாளே, அவளும் ஊரில் தாலி கட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கியவள்தான். கணக்குப் போட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை.

அந்த வருஷம் புருவக் காசு அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாக இருந்தது. பொத்தானைவிடக் கூடுதல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பீஸைத் திருப்பி எடுக்க அது போதவில்லை. காய்ச்சல் வந்தால் எனக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாது, சந்து முனைத் துண்டுதான் கண்ணில் தெரியும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

இந்த வருஷம் அவள் வேறு மாதிரி பேசினாள். ஓலை வாசித்ததும் பெண்ணுடைய அம்மாவையே போய்ப் பிடித்தாள். "பெரியம்மா, ஊருக்கு நானும் கூட வாறேன். டிக்கெட்டும் சாப்பாடும் நீங்க பாத்துக்கிடுங்க. பம்பாய்லருந்து பியூட்டிசியனக் கூட்டிட்டு வந்திருக்காவன்னு சம்பந்தி வீட்டுல பேசுவாவல்லா?" அந்தக் கடைசி வார்த்தைக்கு எந்த அம்மா மயங்க மாட்டாள்? சிலர் சரி என்றார்கள். சாமான் பெட்டியோடு ரயிலேறினாள். கல்யாண் ஸ்டேஷன் தாண்டியதும் போன் பண்ணி, பெட்டியை சீட்டுக்கடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன் என்றாள். ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் அடுத்ததற்குக் கூப்பிட்டார்கள். கடைசிக் கல்யாணம் முடிந்தால் உங்கள் பணம் மொத்தமாகச் சேர்ந்துவிடும் என்று முந்தாநாள் சொன்னாள்.

அவள் போனதிலிருந்து எனக்கு நெஞ்சில் சளி கட்டி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அவளிடம் சொல்லாதே என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் சொல்லிவிட்டான். இன்று காலை போனில் அவள் குரலே சரியில்லை.

"அத்தை, மூச்சு எளைக்குதாமே? கடைசிக் கல்யாணத்த விட்டுட்டு நான் பொறப்பட்டு வரட்டா?"

"பொண்ண முகங் கழுவ வச்சிட்டு நீ பாட்டுக்கு வண்டியேறுவியாக்கும்? முடிச்சிட்டு மொத்தமாக் கொண்டா. நீ வாற வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்."

போனை வைத்ததும் மகனைக் கூப்பிட்டு, டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கி வரச் சொன்னேன். அதுவரைக்கும் எனக்கு எதற்கு வெட்டிச் செலவு என்று அவனிடம் அடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.