டில்லியின் ஜீப்பும் என் இரண்டு விரலும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப்புக்கு நான் சங்கு ஊதப் பார்த்தேன். இரண்டே விரல்தான் வைத்தேன். அதுவும் சும்மா... வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க.

ஜீப் டில்லியுடையது. வெள்ளானூரில் எனக்குப் பக்கத்துத் தெரு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஏழாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் மேலே படிக்கப் போனான். நான் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெஞ்சு மேல் பரிதாபப்பட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஃபோர்வீல் டிரைவ் ஜீப் வாங்கினான். அன்றிலிருந்து மாடிஃபிகேஷன்தான். உயரத்தைக் கூட்டினான். டயரைப் பெரிசாக்கினான். பம்பரை அவனே வெல்டிங் வைத்தான். ஆர்.சி. புக்கில் இருக்கும் வண்டிக்கும் இதற்கும் இப்போது தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

பானெட் பக்கத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய் ஏறுகிறது. அது என்ன என்று கேட்டேன்.

"மூச்சுக் குழாய் மாமே. தண்ணி இந்தக் கண்ணாடி வரைக்கும் வந்தாலும் இன்ஜின் பாட்டுக்கு மேலருந்து மூச்சு வாங்கிக்கினு ஓடும்."

"சரி. உள்ள குந்திகினு கீற நாம?"

டில்லி குழாயைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். அதைப் பற்றி அவன் யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஜீப்பால் அதிகம் அடிபட்டது அவன் மனைவி கலா. முத்தாபுதுப்பேட்டைப் பெண். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் புருஷனுடைய கால் இரண்டு மட்டும்தான் அவளுக்குக் கண்ணில் படும் — வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு. மீதி ஆளைச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்ப்பாள்.

அதனால்தான் போன வாரம் ஒரு கண்டிஷன் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இவ்ளோ பண்ணிக்கீறீங்களே, ஓட்டிக் காட்டுங்க. நானும் வரேன். நடுவுல மாட்டிக்கினு, எவனாச்சும் கயிறு கட்டி இழுத்துதான் வெளிய வந்துச்சுன்னு வெச்சிக்கோங்க... மறுநாளு வண்டி வாசல்ல நிக்கக் கூடாது. வித்துரணும்."

"ஓகே," என்றான் டில்லி.

நான் எதற்குப் போனேன்? நல்ல கேள்வி. எங்கள் தெருவுக்கு ரோடு போடுங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இவன் என்னடாவென்றால் ரோடே இல்லாத இடமாகப் பார்த்து டீசல் போட்டுக்கொண்டு போகிறான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

டில்லி சம்மதித்தான். ஆனால் அவனும் ஒரு கண்டிஷன் போட்டான்.

"வா மாமே. ஆனா எதையும் தொடக் கூடாது. கை ரெண்டும் பாக்கெட்லயே இருக்கணும்."

காரணம் இருக்கிறது. ஒருமுறை அவன் பட்டறையில் பச்சைப் பட்டன் ஒன்றை அமுக்கிவிட்டேன். பச்சைதானே... அமுக்கச் சொல்லித்தானே அந்தக் கலர்? அன்றைக்குப் பாதி நாள் பட்டறை ஓடவில்லை.

காலையில் கிளம்பி, தாமரைப்பாக்கம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை எல்லாம் தாண்டினோம். ஆந்திரா பார்டர் ஓரம் ஒரு மலையடிவாரம். டில்லியின் கஸ்டமர் ஒருத்தருடைய மாந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் ஒரு ஓடை. அதைக் கடந்து அந்தப் பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். போனில் டவர் இல்லை. ஆள் அரவம் இல்லை. ஒரு மைனா மட்டும் எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

தோப்பு முடியும் இடத்தில் டில்லி வண்டியை நிறுத்தி இறங்கினான். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் எதிரில் குந்தி, நடுவில் இருந்த வட்டமான திருகை என்னமோ பண்ணினான். பார்த்தால் சக்கரத்துக்குப் பொட்டு வைப்பது போல இருந்தது.

"இது இன்னா மச்சான்?"

"சொன்னாலும் உனக்குப் புரியாது மாமே."

அப்புறம் டயர்களில் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தான். காற்று குறைந்தால்தான் டயர் மண்ணைக் கவ்வுமாம்.

"காலைல பங்க்ல லைன்ல நின்னு காத்து அடிச்சீங்க. இப்போ புஸ்ஸுனு வுடுறீங்க. இதுக்கு இன்னா பேருங்க?" என்றாள் கலா.

"ஆஃப்ரோடிங்," என்றான் டில்லி.

அவன் பின் டயர்களுக்குப் போனான். நான் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தத் திருகு என்னையே பார்த்தது. அதில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. புரியாது என்று சொல்லிவிட்டானே... திருகிப் பார்த்தால் புரியுமோ? பாக்கெட்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. இரண்டு விரல்தான். லேசாகத் திருப்பினேன்.

டக்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றமாகப் போய் பின் சீட்டில் கலா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

டில்லி ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரைத் தள்ளினான். "இப்போ நாலு சக்கரமும் இழுக்கும்," என்று பெருமையாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடையில் இறக்கினான்.

நடு ஓடை வரை போனது. அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் அடியில் சேறு. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தான். சேறு பின்பக்கம் பறந்தது. வண்டி நகராமல் இறங்கிக்கொண்டே போனது.

டில்லி இறங்கிப் பார்த்தான். பின் சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. திரும்ப ஏறி லீவரைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. முன் சக்கரங்களை அவன் சந்தேகப்படவே இல்லை. அவன் கையாலேயே போட்டது ஆயிற்றே.

"மாமே, முன்னால போய் நின்னு வழி சொல்லு."

போய் நின்றேன். இன்ஜின் கத்தியது. பின்னால் சேறு மழையாகக் கொட்டியது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு சக்கரமும் கோயில் யானை போல நின்றுகொண்டிருந்தன. அசையவே இல்லை.

நாலும் இழுக்கும் என்றானே? ஏன் இரண்டு மட்டும் வேலை செய்கிறது?

இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தேன். வலது சக்கரத்தில் சிவப்புக் கோடு மேலே இருந்தது. இடதில் பக்கவாட்டில். நான் விரல் வைத்தது இடதில்தான்.

இன்ஜின் இழுப்பது முன் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் அந்தத் திருகு இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் போதும், முன்பக்கம் மொத்தமும் செத்த மாதிரிதான். வாத்தியார் யாரும் சொல்லித்தராமல் நானாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம். கற்றுக்கொண்ட இடம்தான் சரியில்லை.

அந்த நேரம் பார்த்தா மேட்டில் ஒரு டிராக்டர் வர வேண்டும்? ஓட்டி வந்த பெரியவர் நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி எங்களைப் பார்த்தார்.

"ஏன் நைனா, நல்லா எறங்கிட்டீங்க போல. கயிறு கீது. கட்டட்டுமா?"

டில்லி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கலாவைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் அவன் முகத்தில் வரிசையாக நின்றன. கலா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கயிற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும். நான் பிழைப்பேனா? வெள்ளானூர் வரை நடந்துதான் வர வேண்டும்.

"ஒரு நிமிசம் அண்ணாத்தே," என்றேன். "இந்தப் பக்கம் டயர்ல ஒரு கல்லு மாட்டிக்கினு கீது. எடுத்துர்றேன்."

குந்தினேன். இல்லாத கல்லை ஒரு கையால் பிடுங்கினேன். இன்னொரு கையால் சேறு அப்பிய திருகைத் துழாவித் திருப்பினேன்.

டக்.

"இப்போ மிதி மச்சான்."

நாலு சக்கரமும் சுற்றின. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கி, என் பேண்ட்டைச் சேற்றில் குளிப்பாட்டிவிட்டு, எதிர்மேட்டில் ஏறி நின்றது.

பெரியவர் கயிற்றைச் சுருட்டினார். "ஷோக்கான வண்டிப்பா," என்றார். டில்லிக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"கல்லு கில்லு எல்லாம் ஒண்ணியும் இல்ல மாமே," என்றான் என்னிடம். "ஆக்சிலேட்டர்ல கால் வெக்கிற பக்குவம் அது. படிச்சு வராது."

"எனக்கு வராதுதான்," என்று ஒத்துக்கொண்டேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். முள்ளு. அதைச் சுற்றி நிறைய முள்ளு. டில்லி அதைக் கடலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேனே... போன ஆளுடைய மூஞ்சிதான் இருக்கிறது. அதை வெள்ளானூரில் பார்க்க முடியாது.

திரும்பும்போது பெரியபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டில்லி டீ சொல்லப் போனான். கலா தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள்.

"கைய நீட்டுங்கண்ணா. அந்த ரெண்டு வெரல்ல இன்னும் சேறு கீது."

கையை நீட்டினேன். "நீ பாத்தியாம்மா?"

"மொதல்ல நீங்க திருப்புனப்பவே பாத்தேன். அது இன்னான்னு அப்போ தெரியாது. மறுபடி திருப்புனீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

தண்ணீரை ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கயித்தப் பாத்ததும்தான் எனக்கே பயம் வந்துச்சுண்ணா. வண்டிய வித்துட்டா ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவாரு? ஊட்டுக்குள்ள வந்துருவாரு. மொதல்ல மிக்ஸி, அப்பால ஃபிரிட்ஜுனு ஒவ்வொண்ணா மாடிஃபை பண்ணுவாரு. இப்போ வாசலோட நிக்குது. நிக்கட்டும்."

டில்லிக்கு இன்னும் எதுவும் தெரியாது. இதைப் பேப்பருக்குத்தான் எழுதி அனுப்புகிறேன்; அவன் பேப்பர் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஜீப் கண்ணாடியைப் பழைய பேப்பரில்தான் துடைப்பான்... கலா, இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துவிடு, தாயே.