புளி போட்டுக் கழுவிய மீன்

கொட்டகலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நாகலெட்சுமியின் குரல் கேட்டால் பூனைகள்தான் முதலில் எழுந்து வரும். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, நீர்த்தேக்கத்துத் திலாப்பியா மீனைக் கூடையில் சுமக்கத் தொடங்கிப் பதினொரு வருடம். வாசலிலேயே செதில் உரசி, குடலெடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பாள். வாங்கியவர்கள் சட்டியில் போட்டால் போதும். அந்தக் கைவேலைக்காகத் தேடி வருவார்கள், வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்குவார்கள்.

போன மாதம் பல்கலைக்கழகக் கம்பசில் படிக்கும் ஜிப்ரியா வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க மீன்ல ரெண்டு வேணும். ஈயம், காட்மியம் மாதிரி உலோகம் தண்ணியில கலந்து மீனுக்குள்ள போயிருக்கான்னு மெசின்ல வச்சுச் சோதிக்கப் போறோம்."

நாகலெட்சுமி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருக்கிறது என்று இந்தப் பெண் எழுதிவிட்டால் அப்புறம் எந்த லயத்தில் கூடையை இறக்குவது? முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நாளைக்கு வாங்க மிஸ், நல்ல மீனா பாத்து எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

உலோகத்துக்கு வைத்தியம் அவளுக்கா தெரியாது? குத்துவிளக்கின் களிம்பெல்லாம் புளிக்குத்தானே போகிறது! விடிந்ததும் இரண்டு பெரிய மீன்களைக் குடலெடுத்து, கெட்டியான புளிக்கரைசலில் ஊறவைத்து, உப்பும் மஞ்சளும் தேய்த்து, ஏழு தண்ணீரில் அலசினாள். அதற்கு மேலும் தங்கினால் அது வெட்கங்கெட்ட உலோகமாகத்தான் இருக்க வேண்டும்.

பையைத் திறந்த ஜிப்ரியா சிரித்துவிட்டாள்.

"அக்கா, இத வச்சுக் கொழம்புதான் வைக்கலாம். கழுவினா போகாது, உள்ளுக்குள்ள சேர்ந்திருக்கும். எனக்கு முழு மீன் வேணும். சதையில கொறைவா இருக்கும், ஈரல்லயும் செவுள்லயும்தான் கூட சேரும்."

நாகலெட்சுமிக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா! நான் சனங்களுக்குச் சதைய மட்டுந்தானே குடுக்குறேன்! ஈரல ஒருத்தருக்கும்…"

பதினொரு வருடத்தில் அந்த வாய் பாதியில் நின்றது அன்றுதான். ஒரு மீனில் விரல்நுனி அளவுதான் ஈரல், ஆனால் முப்பது மீனுக்கு ஒரு கிண்ணம் தேறும். அதை மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்து, புருஷன் கந்தப்பனுக்குக்கூடக் காட்டாமல் அடுப்படியிலேயே தானே தின்று முடித்துவிடுவாள். இப்போது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஜிப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழு மீனு நாளைக்கே தர்றேன் மிஸ். அந்த மெசின்ல மனுசங்களயும் பாப்பாங்களா? சும்மா, ஒரே ஒரு ஆளத்தான்."