அமிர்தநாதன் தேடிய சப்ளையர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அமிர்தநாதன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பாகத்தில் கீறல் இருந்தால், அது எந்த சப்ளையரின் சரக்கு என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும்வரை மனுஷனுக்குச் சோறு இறங்காது. கெட்டிக்காரர்தான். அதே புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வம்பு.

மகன் நிர்மலுக்குக் காலேஜில் படிக்கும்போது காதில் யாரோ பேசுவதுபோல் குரல் கேட்க ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுவான். யாரிடமும் பேசமாட்டான். அமிர்தநாதன் உடனே சப்ளையரைப் பிடித்துவிட்டார். மனைவி சூசையம்மாளின் தம்பி அமலனுக்கும் இதே வியாதி. பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ் கழுவுகிறவன். "எல்லாம் உங்க வூட்டு ரத்தம்" என்று ஒரே போடாகப் போட்டு, மச்சான் இனிமேல் படப்பையில் இருக்கும் தங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கக்கூடாது என்றுவிட்டார். சூசையம்மாளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது, பாவம்.

நிர்மலுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில், மனநோயில் மரபணுவின் பங்கு என்ன என்று ஆராய்கிற டாக்டர்கள், குடும்பத்தோடு வந்து ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அமிர்தநாதனுக்கு ஏகக் குஷி. ஆதாரம் கிடைக்கப்போகிறதே. அமலனுக்கு அவரே போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல தெரிஞ்சிடும் இல்ல டாக்டர்?"

ரத்தம் எடுக்க வந்த டாக்டர் ஐஸ்வர்யா, அப்படியெல்லாம் தெரியாது என்றார். "இது ஒரே ஒரு மரபணு செஞ்ச வேலை இல்ல சார். நூத்துக்கணக்குல சின்னச் சின்ன வித்தியாசம். உங்ககிட்ட கொஞ்சம் இருக்கும், அம்மாகிட்ட கொஞ்சம் இருக்கும், என்கிட்டயும் இருக்கும். வாழ்க்கைல நடக்கறதும் அதோட சேரும். யார் மேலயும் பழி போட முடியாது. எப்படி வருதுன்னு புரிஞ்சா நாளைக்கு நல்ல மருந்து கண்டுபிடிக்கலாம். அதுக்குத்தான் கேக்கறோம்."

சூசையம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அமிர்தநாதன் வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் மாமன் அமலனும் மருமகன் நிர்மலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கு இன்னும் கேக்குதா மாமா?"

"எப்பனா கேக்கும்டா. மாத்திரை போட்டா தூரமா பூடும். அது பாட்டுக்குப் பேசிக்கினு கீது, நான் பாட்டுக்கு பஸ் கழுவிக்கினு கீறேன்."

"இன்னா மாத்திரை?"

அமலன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். "எனக்கும் இதான் மாமா" என்றான் நிர்மல். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இந்தப் பேச்சுக்குக் குறுக்கேதான் கதவைச் சாத்தி வைத்திருந்தோம் என்று அமிர்தநாதனுக்குப் புரிந்தது. கிட்டே போய் நின்றார்.

"அமலா, இனிமே தெனமும் வேல முடிஞ்சு வூட்டுக்கு வந்துடு. ரெண்டு பேரும் சேந்து சாப்ட்டு, சேந்தே மாத்திரை போட்டுக்கங்க."