துணியைக் களைந்தால் போகாத காய்ச்சல்

கோலம் போடக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடுப்பை யாரோ ஒடித்துப் போட்டதுபோல் வலி. பாதிக் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தேன். காலை வெயிலே சுட்டுக்கொண்டிருந்தது. நான் கம்பளி கேட்டேன்.

என் கணவர் அப்போதுதான் அதே மாதிரி படுத்து எழுந்திருந்தார். திருச்சியில் அவருடைய அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாம். ஐம்பத்தேழாம் வருஷத்து ஃப்ளூ (வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் வரும் கடுங்காய்ச்சல்) காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் வந்துவிட்டது. அதற்கென்ன, டிக்கெட்டா வாங்க வேண்டும்?

எனக்கு அப்போது நாலு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாதவள். காய்ச்சலோடும் கைக்குழந்தையோடும் கிடக்கும் தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் ஓர் அறை உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கி இருக்கும் அறை. மாமியார் என்னை அங்கே அனுப்பினார்.

"ஜுரத்தையும் ஒரு தீட்டுன்னு வெச்சுக்கோ. யாரையும் தொடாதே. பாலுக்கு மட்டும் குழந்தையைக் கொண்டுவந்து விடறேன்."

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். எந்த டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

வினை மீதிக் கால்வாசியில் இருந்தது. ஒதுங்கி இருப்பவளிடம் போய்வரும் பச்சைக் குழந்தைக்குத் தீட்டு துணியில்தான் ஒட்டும், உடம்பில் ஒட்டாது என்பது எங்கள் வழக்கம். பால் குடித்ததும் சட்டையைக் களைந்துவிட்டால் வெறும் உடம்பாகத் தூக்கிக்கொள்ளலாம். "கழட்டிட்டியா?" என்று மாமியார் வாசற்படியிலிருந்து கேட்பார். கழற்றிக் கீழே விடுவேன். அவர் வந்து தூக்கிக்கொள்வார். அதற்கு முன் அவ்வளவு நேரமும் நான் அவளை மார்போடு அணைத்து, உச்சந்தலைமேல் இருமிக்கொண்டிருந்தேன். சட்டை கிணற்றடியில் ஊறிக்கொண்டிருந்தது. கிருமியோ குழந்தையின் மூக்குக்குள் போயிருந்தது.

எனக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியபோது அவளுக்கு மூக்கு ஒழுகியது. மறுநாள் மார்பில் வாய் வைத்தாள், கொஞ்சம் உறிஞ்சினாள், விட்டுவிட்டு வீறிட்டாள். பால் குடிக்கும் குழந்தை மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும். மூக்கு அடைத்திருந்தது. பசிக்கிறது, குடிக்க முடியவில்லை. குழந்தை எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்றே நினைத்தேன். அந்தப் பயத்தை நான் இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கணவர் குதிரைவண்டி பிடித்து வந்தார். மாமியாரும் கூட வந்தார். திருச்சியில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையின் சட்டையை விலக்கி, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் அடியில் குழி விழுந்தது.

"சின்ன மூச்சுக்குழாய்ங்க வீங்கியிருக்கும்மா. நிமோனியா (நுரையீரலில் சீழ் கட்டும் காய்ச்சல்) இன்னும் ஆகலை. ஆகாம பாத்துக்கணும்."

மாமியாருக்குத் தாங்கவில்லை. "டாக்டரம்மா, துணியெல்லாம் களைஞ்சுட்டுத்தானே தூக்கினோம்? அப்புறமும் எப்படி?"

டாக்டர் சிரிக்கவில்லை. "துணியைத் துவைச்சது நல்லதுதாங்க. ஆனா இது இருமல்ல வருது, கையில வருது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. கிருமி அதுல போய் ஒட்டிக்கும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தச் சவ்வு செல்களால் (கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரறைகள்) ஆனது. வைரஸின் மேல் முள் முள்ளாக இருக்கும். அந்த முள், செல்லின் மேலுள்ள ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. செல் அதை வேண்டிய பொருளென்று நினைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. வைரஸுக்குத் தனியாகப் பெருகத் தெரியாது. உள்ளே போனபின் அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னைப்போல் ஏராளமானவற்றைச் செய்துகொள்கிறது.

"உங்க அடுப்பு, உங்க அரிசிதான். சமையல் மட்டும் அதோட ஆளுங்களுக்கு" என்றார் டாக்டர். புதியவை வெளியேறி அடுத்த செல்களில் ஒட்டும். பழைய செல் செத்து உதிரும். சவ்வு உரிந்த இடத்தில் வேறு கிருமிகள் புகுந்தால் நிமோனியா.

"இதைக் கொல்ல மருந்து இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பின்னாடி வர்ற கிருமிக்குத்தான் ஊசி. இதை உங்க குழந்தையோட உடம்புதான் ஜெயிக்கணும். நாம அதுக்குப் பால் குடுப்போம். நிறுத்திடாதீங்க."

மூக்கில் உப்புநீர்ச் சொட்டு. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் (குழந்தைக்குப் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொஞ்சம் கொஞ்சமாக. என் மூக்கையும் வாயையும் மூடி மடித்த துணி. தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவல். அவ்வளவுதான் வைத்தியம்.

அன்று வீடு திரும்பியதும் மாமியார் கொல்லை அறைக்குள் வந்து, என் பாயிலேயே, என்மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். "நீ பீய்ச்சிக் குடு. நான் புகட்டறேன்" என்றார். அவருக்கும் காய்ச்சல் வருமே என்றேன். "வந்தா வரட்டும், போ" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அறையில் என்னை யாரும் தொட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் காய்ச்சல் வந்தது, போனது.

சில நாள் கழித்து ஒரு காலையில் குழந்தை மார்பைப் பற்றினாள். விட்டுவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. மூக்கால் மூச்சு போய் வந்தது. விலாவில் குழி விழவில்லை. வயிறு நிறைந்து அவளாகத் தூங்கும்வரை நான் அசையவே இல்லை.

என் இருமல் நிற்க வெகுநாள் ஆயிற்று. உதிர்ந்த சவ்வு மெல்லத்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது. உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காய்ச்சல் வரும்வரை என் உடம்பு தோலோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. மூச்சு விடும்போதெல்லாம் திறந்துதான் கிடக்கிறோம், ஒருவருக்கொருவர்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகச் சண்டை போடுகிறாள். தூங்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்வேன். ஒரு மூச்சு முடிந்து அடுத்த மூச்சு தொடங்குவதற்குள் இருக்கும் நேரம் மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எனக்கு அது இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.