டிரைவர் வராத ஒன்பது வாரம்

அந்தத் தெருவில் யாருக்கு வீடு கட்டும் ஆசை வந்தாலும் முதலில் போய் நிற்பது பிளான் அக்காவின் மாடி அறையில்தான். கட்டப்போகும் வீட்டைக் கணினியில் வரைந்து, உள்ளே நடந்து போவதுபோல் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. கணினியில் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து காட்டாத எதையும் அதில் ஏற்ற மாட்டார். அதில் அவர் பிடிவாதக்காரி.

கணினியில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒரு மாடிப்படியைத் திருப்பிக் காட்டவே மூச்சு வாங்கியது. புதியது கடைக்கு வந்த அன்றே வாங்கி மாட்டினார். திரையில் எழுத்தெல்லாம் சுவரொட்டி அளவுக்குப் பெருத்து நின்றது. வீடோ அசையவே மறுத்தது. கார்டை ஓட்டவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் லினக்ஸுக்கு இன்னும் வரவில்லை. தன்னார்வலர்கள் நாலைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் வாரம் கட்டட காண்ட்ராக்டர் போன் செய்தார். "மேடம், நம்ம வீட்டுப் படம் என்னாச்சு?"

"டிரைவர் இன்னும் வரலைங்க. அடுத்த மாசம்னு சொல்றாங்க, அதுவும் நிச்சயமில்லை."

அக்காவின் கணவர் வெளியூர்ப் பேருந்து டிரைவர். நாலு நாளாக வண்டியோடு போயிருந்தார். காண்ட்ராக்டர் அவரைத்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டார். "மனசைத் தளர விடாதீங்க மேடம்" என்று போனை வைத்தவர், நேரே மனைவியிடம் போய்ச் சொன்னார். பிறகென்ன, தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "டிரைவர் வரலைன்னு கேள்விப்பட்டேன். ஏதாவது தகவல் உண்டா?"

டீச்சருக்குக் கணினியில் இவ்வளவு அக்கறையா என்று அக்காவுக்கு மனசு நெகிழ்ந்துபோனது. "நிறைய பேர் சேர்ந்து பாத்துக்கிட்டிருக்காங்க டீச்சர். அதுவரைக்கும் பழசை வெச்சு ஓட்டலாம்னா, புதுசு வந்த ஜோர்ல அதைக் கழட்டி வித்துட்டேன்."

டீச்சர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மாலையே நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அண்ணி, எங்கண்ணன் பண்ணின காரியத்துக்கு உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

என்ன காரியம் என்று அக்கா கேட்பதற்குள் அண்ணனே உள்ளே வந்து சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினார். நாத்தனார் கைப்பையாலேயே அவர் முதுகில் ரெண்டு வைத்தாள். விஷயம் விளங்கியதும் மூவரும் விலா நோகச் சிரித்தார்கள். கணவரின் பஸ் பணிமனையில் மட்டும், "யாரோட ஓடின, எப்ப திரும்பின?" என்ற கேலி மாதக்கணக்கில் ஓயவில்லை.

"இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. எழுதறவங்களையே கேளு" என்றார் கணவர்.

அக்கா எழுதிக் கேட்டார். பதில் வந்தது: 'எங்களில் ஒருவரிடமும் இந்தக் கார்டு இல்லை. நாங்கள் அனுப்புவதை ஓட்டிப் பார்த்துச் சொல்வீர்களா?'

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்கா சம்மதித்தார். முதலில் வந்தது திரையை முழுப் பச்சையாக்கியது. அடுத்தது வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது. ஊருக்குத் திரும்பும் யோசனையையே விட்டுவிட்ட நாத்தனார், கோளாறுகளை நோட்டில் எழுதிவைத்தாள்.

ஒன்பதாம் வாரம் டிரைவர் வெளிவந்தது. சோதித்தவர்கள் பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. காண்ட்ராக்டரை வரவழைத்து, வழுக்கிக்கொண்டு திரும்பும் வீட்டைக் காட்டினார்.

காண்ட்ராக்டர் கண் கொட்டாமல் பார்த்தார். "மேடம், சமையலறைக் கதவைத் திறந்தா படிக்கட்டுல இடிக்குதே?"

இடிக்கத்தான் செய்தது. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு, கதவை எதிர்ச் சுவருக்கு மாற்றத் தொடங்கினார்.