கதவில் ஒட்டியிருந்த படம்

இப்போது நாங்கள் இருக்கும் ஷாதிபூர் வீட்டில் மகள் கணினி முன் உட்கார்ந்து ஏதோ மென்பொருளைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள். தயாரித்தவர்கள் வெளியிடும் சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரல், சுருக்கி அடைத்து வருமாம். அவிழ்த்து, நம் இயந்திரத்துக்கு ஏற்றபடி நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். மூன்றாவது முறையும் திரை திட்டியது.

"உள்ளே ரீட்மீன்னு செய்முறைக் குறிப்பு இருக்குமே, படிச்சியா?"

"அதெல்லாம் யாருப்பா படிப்பாங்க?"

சட்டென்று எனக்குக் கிரீஸ் வாசனை அடித்தது. ஈரப் பலகை வாசனையும்.

எழுபதுகளின் கேம்பல் பே, தென்கோடித் தீவில் காட்டை வெட்டிப் போட்ட புதுக் குடியிருப்பு. எனக்குப் பத்தொன்பது வயது. குடியிருப்புக்குப் பம்ப் ஆபரேட்டர். பம்ப்தான் இல்லை. ஒருவழியாகக் கப்பலில் வந்தது, துண்டு துண்டாக, ஐந்து மரப்பெட்டிகளில். பூட்டித்தர வேண்டிய மெயின்லேண்ட் ஃபிட்டர் வரவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு: காலிப் பெட்டியின் பலகை முதலில் கைவைத்தவருக்கு. எல்லோரும் வீடு கட்டிய காலமல்லவா, ஆணியைக்கூட விடமாட்டார்கள். சாமான்களை அள்ளி வெளியே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டிகளைக் காணோம். போகட்டும் என்றிருந்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

பூட்டினேன். எஞ்சின் முழங்கியது, தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு நாள் இப்படி.

அஞ்சலை அக்கா, பட்டாளத்திலிருந்து வந்து குடியேறிய ஆரணிக்காரரின் மனைவி, அட்டை கடித்த கால்களோடு தண்ணீருக்காகக் காட்டோடைக்கு நடந்து நடந்து சலித்தவள்.

"தோ பார் தம்பி, நாளைக்கு ஜஹாஜ் கெளம்புது. பானி வரலன்னா நான் ஏறிடுவேன். அவரு வேணா இந்த ஜங்கிளைக் கட்டிக்கினு அழட்டும்."

துணிப்பெட்டியைக் கட்டியும்விட்டாள். ஒரு வீடு கிளம்பினால் பின்னாலேயே நாலு வீடு கிளம்பும். சமாதானம் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். மழை பிடித்தது, கதவைச் சாத்தினாள். கதவு ஒரு பெட்டியின் மூடி. உள்பக்கம் ஒட்டிய காகிதத்தில், பாகம் பாகமாக எண் போட்டு, என் பம்பைப் பூட்டும் படம்.

"அக்கா, கதவைக் கழட்டிக்கவா?"

"கழட்டுவே! பன்னி உள்ள வந்து படுக்கும், நீயா தொரத்துவே? சாமான இங்க எத்துனு வா."

வாசலில் எல்லாவற்றையும் பரப்பி, ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். கையில் கொப்புளங்கள் உடைந்தன; ஓடவைக்காமல் விடுவதில்லை என்றிருந்தேன். உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வை நான் தலைகீழாகப் பூட்டியிருந்தேன்.

"ரெண்டு நாளா இதத்தான் நோண்டினியா? என் புருஷனே தேவல."

விடிவதற்குள் பம்ப் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினேன். மறுநாள் கப்பல் சங்கு ஊதும்போது குழாய் ஒருமுறை இருமியது. துருநிறத்தில் ஒரு கொப்பளிப்பு; பிறகு வானத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் தண்ணீர். அவள் குடத்தை வைத்துவிட்டு, துணிப்பெட்டியோடு கப்பல் ஜெட்டிக்கு நடந்த புருஷனைப் பார்த்துக் கூவினாள்: "யோவ்! பெட்டிய எறக்குய்யா!"

அப்புறம் பம்ப் மக்கர் பண்ணும்போதெல்லாம், "அடுத்த ஜஹாஜ்ல போய்டுவேன்" என்பாள். ஸ்பேனரோடு ஓடுவேன். ஏறக்குறைய முப்பது வருஷம்.

பிறகு ஒரு காலையில் கடல் எழுந்து வந்தது. பம்ப் வீடு, ஓடைக்குப் போகும் வழி, அந்த வீட்டு வரிசை, எதுவும் இல்லை. நிலநடுக்கத்தில் தரையே தாழ்ந்துபோய் இப்போது அங்கே அலை அடிக்கிறது. மிஞ்சியவர்கள் முகாமில் இருந்தோம். கப்பல் வந்ததும் அஞ்சலை அக்கா ஏறினாள். என்னைக் கடந்துதான் போனாள். ஸ்பேனரோடு ஓட எனக்குப் பம்பும் இல்லை.