பேட்டரிப் பெட்டி ஊறுகாய்

என் சமையலை யாரும் புகழ்ந்ததில்லை. கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங்கில் குடிவந்த முதல் வாரமே, என் ரசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்காரர், "சுடுதண்ணி நல்லா இருக்கு" என்றார். எனக்கு ரோஷம் அதிகம். இந்த மனிதர் வாயாலேயே ஒரு நாள் 'இன்னும் கொஞ்சம் போடு' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. ஊரே கொடி கட்டிக்கொண்டிருக்க, இவர் செத்துப்போன பஸ் பேட்டரிகளை வீட்டுக்குச் சுமந்து வந்தார். கொல்லையில் அவற்றை உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைப் பழைய குவாலிச் சட்டியில் உருக்கி, உஜோங் பாசிர் மீனவர்களுக்கு வலைக்குண்டு வார்ப்பார். "வீணாப் போறத உபயோகமா ஆக்குறேன்" என்பார். முதலில் சாக்கடை ஓரத்துக் கங்கோங் கீரை கருகியது. பிறகு வாழை. பிறகு பக்கத்து வீட்டு வாத்து இரண்டு. அவர் கட்டியிருந்த கைலியோ ஆசிட் தெறித்துச் சல்லடை. எல்லாம் கண்ணேறு என்று சொல்லி, பேட்டரிகளுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை அந்த மூலையில் புல்கூட முளைக்கவில்லை.

ஒரு நாள் அவர் சம்மட்டி தவறி, என் பிறந்த வீட்டுச் சீதனமான ஊறுகாய் ஜாடியின் மேல் விழுந்தது. இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் காலிப் பேட்டரிப் பெட்டி ஒன்றைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கறுப்பாக, கனமாக, ஒரு கீறல் இல்லாமல், உள்ளே மூன்று அறைகளோடு இருந்தது.

"ஆசிட்டையே மூணு வருஷம் தாங்குன பெட்டி. ஒன் எலுமிச்சம்பழத்த தாங்காதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று அறையிலும் ஊறுகாய் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துத் திறந்தால் புளிப்பு அடங்கி, கடைசியில் நாக்கில் ஓர் இனிப்பு நின்றது. நான் வெல்லம் போடவே இல்லை. வீட்டுக்காரர் ஒரு துண்டு தின்றார். தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு." எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு தெருவே கிண்ணத்தோடு வந்தது. பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டி அம்மா ஒருவர். நம் சாமியைத்தான் கும்பிடுவார். பேச்சு மட்டும் மலாய். எல்லோரும் அவரைப் பிபிக், அதாவது அத்தை என்போம். வாத்து செத்ததிலிருந்து எங்களோடு பேசாமல் இருந்தவர், என் ஊறுகாயைச் சுவைத்ததும் "மானிஸ்" என்று இனித்துப்போய், பக்குவம் கேட்டார். எல்லாம் கைமணம் என்று அலட்டிக்கொண்டேன். உஜோங் பாசிரில் இருக்கும் அவர் மகளுக்கு முதல் மசக்கை, புளிப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றார். ஒரு பெரிய போத்தல் நிறைய அள்ளிக் கொடுத்தேன்.

அந்த வாரமே வீட்டுக்காரருக்கு வயிற்றை முறுக்கத் தொடங்கியது. விளக்கெண்ணெய் கொடுத்தேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முகம் வெளுத்து, எழுந்து நிற்கவே தள்ளாடியபோது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அங்கே டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல் ஈறு ஓரமாக மை தடவியது போல ஒரு நீலக்கோடு.

"ஈயத்துல வேல செய்றீங்களா?"

"வீட்டுல உருக்குவேன் சார். அதுக்கென்ன?"

"சாப்பாடு?"

"கஞ்சிதான். அதுவும் இவ ஊறுகா இருந்தாத்தான் எறங்கும்" என்றார், அந்த வலியிலும் பெருமையாக. "பேட்டரிப் பெட்டியில போட்டது."

டிரெஸ்ஸர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈயம் விஷம், புகையாக வீட்டுக்காரருக்குள் போனது பாதி, ஊறுகாயாகப் போனது பாதி. எவ்வளவு தேய்த்தாலும் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஈயத்தைப் புளிப்பு கரைத்துவிடும், நான் கைமணம் என்று நினைத்தது ஈயத்தின் இனிப்பு என்றார். வீட்டுக்காரரை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் எழுந்துவிட்டார். ஆனால் அன்றைக்கு டிரெஸ்ஸர் கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேற யாரும் சாப்பிட்டாங்களாம்மா? மாசமா இருக்கிறவங்க யாராச்சும்? பிள்ளையே தங்காது."

ஓடினேன். தெருவில் மிச்சம் வைத்திருந்த இரண்டு வீட்டில் கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டினேன். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறாளே கஞ்சப்பிசினாறி என்று திட்டினார்கள். பிபிக்கிடம் என் அரைகுறை மலாயில் சொல்லி முடித்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் திரிஷா என்னும் சைக்கிள் ரிக்ஷா பிடித்து உஜோங் பாசிர் போனோம். வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் இருப்பது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். பின்னால் அலமாரியில் என் போத்தல், கழுத்துவரை அப்படியே இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவள் சங்கடத்தோடு மலாயில் சொன்னாள்: "கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. ஒரு துண்டு வாயில் வைத்தேன். புளிப்பே இல்லை. நன்றாகவே இல்லை. துப்பிவிட்டேன்."

என் சமையலைக் குறை சொன்ன ஒருத்தியைக் கட்டிப்பிடித்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.